அச்சு: காசிலும் செருப்பிலும்



காரைக்குடிப் பக்கம் அடுப்படியில் "அந்த அச்சை எடு" என்றால், மாவில் தோய்த்து எண்ணெயில் இறக்கும் முறுக்கு அச்சு கைக்கு வரும். ஆத்தங்குடிக் கல் பட்டறையில் கேட்டால், கண்ணாடிமேல் வைத்து வண்ணச் சாந்து ஊற்றும் உலோகச் சட்டத்தைக் காட்டுவார்கள். கண்டாங்கிச் சேலை நெய்பவருக்கு அச்சு என்பது பாவு இழைகள் புகுந்து வரும் தறிக்கருவி. இதே சொல் இன்னும் இரண்டு தொழில்களில் வாழ்கிறது. ஒன்று காசு அடிப்பது, மற்றது செருப்புத் தைப்பது.

வடிவம் தரும் இந்த அச்சு நம் மொழிக் குடும்பத்துச் சொல். தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் இருக்கிறது. மயிலிறகு ஏற்றிய வண்டியில் முறியும் என்று வள்ளுவர் சொல்லும் அச்சு வேறு. அது 'அக்ஷம்' என்னும் வடசொல் வழி வந்தது.

பழைய நாளில் காசு அடிக்கும் முறை எளிது. கீழ் அச்சின்மேல் உலோக வில்லை, அதன்மேல் மேல் அச்சு, பிறகு சம்மட்டியால் ஓர் அடி. அடி விலகினால் உருவத்தில் பாதி விழாது. அப்படிப்பட்ட காசுகள் நிறையவே கிடைத்திருக்கின்றன. புதுக்கோட்டைச் சமஸ்தானத்து அம்மன் காசை நம் ஊர்ப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'.

எனக்குப் பெரிய வியப்பு, கருவியின் பெயரே பணத்துக்கும் ஆகிவந்ததுதான். 13ஆம் நூற்றாண்டை ஒட்டிய கொங்குநாட்டுக் கல்வெட்டுகளில், கோயில் விளக்குக்குக் கொடுத்த தொகை 'பழஞ்சலாகை அச்சு' என்ற கணக்கில் வருகிறது. அங்கே அச்சு என்றாலே காசு.

செருப்புக்கு அந்தப் பெயர் ஏறவில்லை. பாதத்தின் வடிவில் செதுக்கிய மரக்கட்டைதான் செருப்பு அச்சு. 'கட்டை' என்றும் சொல்வதுண்டு. அதன்மேல் தோலை இழுத்துப் பிடித்துத் தைத்து முடித்ததும், அச்சை உருவி எடுத்துவிடுவார்கள். இடக்காலுக்கு ஒன்று, வலக்காலுக்கு ஒன்று. வாங்க வருபவருக்குக் கால் ஆணி இருந்தால், கட்டையில் அந்த இடத்தில் ஒரு துண்டுத் தோலை ஒட்டி உயர்த்திக்கொள்வார் கைதேர்ந்த தொழிலாளி. ஆயிரம் காசும் ஒன்றுபோல் இருந்தால்தான் செல்லும். செருப்போ அந்த ஒரு காலுக்குப் பொருந்தியாக வேண்டும். ஒரே சொல்லுக்குள் எதிரெதிரான இந்த இரண்டு வேலைகளும் அடங்கியிருக்கின்றன. காசடித்தவனின் திறமைக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை செருப்புத் தைப்பவரின் திறமை. அவருக்கு நாம் தரும் மதிப்பு இன்னும் போதாது என்றே நினைக்கிறேன்.

வீடோ நிலமோ பேசி முடித்துக் கொடுக்கிறோமே அச்சாரம், அதுவும் இந்த அச்சில் பிறந்ததா என்று கேட்கத் தோன்றும். இல்லை. அது 'அச்சகாரம்' என்பதன் சுருக்கம். 'சத்தியங்காரம்', அதாவது வாக்கை உறுதி செய்வது, என்னும் வடசொல்லின் வழியில் வந்தது.