மூவர் கோயிலும் மூன்று நோட்டுகளும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



என் சொந்த ஊரான கொடும்பாளூரில் நம் சங்கம் கூடியதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். காலையில் மூவர் கோயிலைப் பார்த்தீர்கள். இருக்குவேள் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும், தேவியர் வரகுணை, கற்றளி பெயராலும் எடுப்பித்த மூன்று கோயில்கள். இன்று இரண்டுதான் நிற்கின்றன. வடக்கே இருந்ததற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம்.

நமக்கும் வேதியியலை மூன்றாகத்தான் பிரித்துக் கொடுத்தார்கள். கனிம வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் வேதியியல். மூன்று நோட்டு. பரீட்சை முடிந்ததும் மூன்றும் பரணுக்குப் போய்விட்டன.

இங்கே என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்தவன். ஒரு மாணவி, "சார், பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி எடுக்கட்டுமா?" என்று கேட்டு வந்தாள். "அதுல புதுசா என்னம்மா இருக்கு? கம்ப்யூட்டர் எடு" என்றேன். பாவம், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். பிறகு யோசித்தேன். புதுசாக ஒன்றும் இல்லை என்று எனக்கு யார் சொன்னது? நான்தான் படிப்பதை நிறுத்தியிருந்தேன்!

அதன் பிறகு படித்தவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன்.

கரிம வேதியியலில் ஒரு பொருளைத் தயாரிக்க எத்தனை படிகள், எத்தனை கழிவுகள்! 2022 நோபல் பரிசு பெற்ற 'கிளிக்' வேதியியலில், இரண்டு மூலக்கூறுகள் பிரஸ் பட்டன் மாதிரி டக்கென்று சேர்கின்றன. 2023-இல் பரிசு பெற்றவை குவாண்டம் புள்ளிகள். பொருள் ஒன்றே, துகளின் அளவு மாறினால் நிறம் மாறுகிறது. இன்று சில டி.வி. திரைகளிலும் அவை இருக்கின்றன.

2025-இல் கிட்டகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் பரிசு. உலோக அயனிகளை மூட்டாகவும் கரிம மூலக்கூறுகளைச் சட்டமாகவும் வைத்து, உள்ளே அறை அறையாக வெற்றிடம் உள்ள பொருட்களை உருவாக்கினார்கள். அவற்றில் சில, பாலைவனக் காற்றிலிருந்தே தண்ணீரைப் பிடித்துத் தருகின்றன. வானம் பார்த்த பூமியில் பிறந்த எனக்கு இதைப் படித்தபோது தூக்கமே வரவில்லை. இது கனிமமா, கரிமமா? எந்த நோட்டில் எழுதுவது?

வெளிநாடு மட்டுமில்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் குடிநீரில் கலந்த ஆர்செனிக்கை அகற்றும் பொருளை உருவாக்கியிருக்கிறார்கள். 2020-இல் வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் கீழடிப் பானை ஓட்டின் கறுப்புப் பூச்சில் நானோ கார்பன் குழாய்களைக் கண்டார்கள். பகுப்பாய்வு வேதியியல் நம் குயவரின் சூளைக்குள்ளும் எட்டிப் பார்த்துவிட்டது.

கடைசியாக ஒன்று. 2024 வேதியியல் நோபல் பரிசு புரதங்களுக்கு. பேக்கர் புதுப் புரதங்களையே வடிவமைத்தார். ஹசாபிஸ், ஜம்பர் இருவரும் புரதங்களின் வடிவத்தைக் கண்டுசொல்லும் கணினி முறையைத் தந்தார்கள். அதனால் சுமார் 20 கோடிப் புரதங்களின் வடிவங்கள் கணிக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பெண்ணிடம் "கம்ப்யூட்டர் எடு" என்றேனே, அந்தக் கம்ப்யூட்டரே வேதியியலுக்குள் வந்து நிற்கிறது! இன்று கேட்டால், "இரண்டையும் படிம்மா" என்பேன்.

தம்பி தங்கைகளே, மூன்று நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நண்பர்களே, உங்களிடம் ஒரு பிள்ளை கேட்டு வந்தால், என்னைப் போல் அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிடாதீர்கள். தெரியாவிட்டால், "ஒரு வாரம் பொறு, படிச்சுட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள்.

வாழ்க நம் கல்லூரி!