மலைத்தோட்டத்தில் அரிவாளும் கத்தியும்

கீழ்ப்பழனி மலைகளில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் முதலிய ஊர்களில் காலையில் தோட்டத்திற்குப் புறப்படும் ஆணாயினும் பெண்ணாயினும் வெறுங்கையுடன் போவதில்லை. காப்பிச் செடிக்குக் கவாத்து, நிழல் மரத்திற்குக் கிளை கழித்தல், வாழைக்கு இலை அறுத்தல், ஆட்டுக்குத் தழை, அடுப்புக்கு விறகு ஆகிய இத்தனைக்கும் பெரும்பாலான குடும்பங்களில் ஒரே அரிவாள்தான். இவ்வளவு உழைக்கும் கருவியை அது மழுங்கித் தொல்லை கொடுக்கும் வரையில் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மழுங்கிய அரிவாள் சாதுவானது என்று அநேகர் எண்ணுகிறார்கள். காரியம் நேர்மாறானது. கூரான வாய் குறைந்த பலத்தில் கிளைக்குள் இறங்கி நிற்கும். மழுங்கிய வாய்க்குப் பலங்கொண்ட மட்டும் ஓங்க வேண்டியிருக்கிறது. அது மரத்தில் பதியாமல் வழுக்கி முழங்காலையோ இடது கையையோ தேடி வருகிறது. பனியில் நனைந்த சரிவில் நிற்பவனுக்கு இந்த அபாயம் இரட்டிப்பாகும்.

செடிக்கும் கேடு உண்டு. மழுங்கிய கத்தியால் கழித்த கிளை அறுபடாமல் கிழிபடும். பட்டை கீழ்நோக்கி உரிந்து தொங்கும். அராபிகா காப்பியின் பரம விரோதியாகிய வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு, தண்டுப் பட்டையின் வெடிப்புகளிலும் தளர்ந்த பட்டையின் அடியிலுமே முட்டையிடுகிறது. ஆகையால் தண்டைக் கிழித்து விடுவது வண்டுக்கு வீடு கட்டிக் கொடுப்பதற்கு ஒப்பாகும். தளர்ந்த பட்டையை நீக்குவதற்கோ கத்தி உதவாது. தேங்காய் நார் கொண்டு தேய்த்துவிடுவதே முறை.

தீட்டுவதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. வெங்கச்சங்கல் பொடியைத் தூவித் தேய்க்கும் பழைய தீட்டுக்கட்டையே அன்றாடத்திற்குப் போதும். வாய் பெயர்ந்திருந்தால் மட்டும் சாணைக்கல் வேண்டும். அதையும் தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும். சந்தையில் மின்சாரச் சாணைக்காரர் தீப்பொறி பறக்கப் பிடித்துக் கொடுக்கும்போது வாய் நீல நிறமாக மாறினால், அந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விட்டது என்று அறிக. அதன்பின் எத்தனை தீட்டினாலும் கூர் நிலைக்காது. கொல்லரிடம் கொடுத்து மறுபடி காய்ச்சித் துவைச்சல் போடுவதே வழி. கருக்கரிவாளைக் கல்லில் தேய்க்கவே கூடாது. பற்கள் தேய்ந்தால் கொல்லர்தான் கருக்கு வைக்க வேண்டும். இக்காலத்துக் கொல்லர்கள் அநேகர் பழைய லாரிப் பட்டையையே அடித்து அரிவாள் செய்கிறார்கள். அது நல்ல எஃகு, குறை சொல்வதற்கில்லை.

மலையில் மேகம் வீட்டிற்குள்ளும் புகும். ஆகவே வாழைப்பால் படிந்த அரிவாளை அப்படியே செருகி வைத்தால் இரண்டொரு நாளில் துரு ஏறும். கழுவித் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். அடுப்பின் மேல் பரணில் வைப்பதிலும் ஒரு தோஷம் உண்டு: மரப்பிடி காய்ந்து சுருங்கித் தளர்ந்துவிடும். தளர்ந்த பிடியைத் தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவது ஒரு வேளைத் தந்திரமே. காய்ந்ததும் முன்னிலும் அதிகமாக ஆடும். அரக்கு உருக்கி ஊற்றிப் பூண் இறுக்குவதே நிலையான பரிகாரம்.

மலைவாழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1970-களிலிருந்து இம்மலைகளில் விருப்பாச்சி வாழைத் தோட்டங்களைப் பாழாக்கிய முடிக்கொத்து நோய் கத்தியினால் பரவுவதன்று. அசுவினிப் பூச்சியும் நோயுற்ற கன்றுமே அதைச் சுமந்து செல்கின்றன. நோய்கண்ட மரத்தைத் தரைமட்டமாக வெட்டிவிட்டுத் திருப்தியடைவதில் பயனில்லை. முதலில் அசுவினியை மருந்தடித்துக் கொன்று, பிறகு கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். வாடல் நோயின் விஷயம் வேறு. அது மண்ணில் வாழ்வதாகையால், கருவியில் ஒட்டிய மண்ணோடு அடுத்த தோட்டத்திற்குப் போய்ச்சேரும். அங்கே கழுவுவது மிக முக்கியம்.

வெட்டுக்காயத்தில் காப்பித்தூள், சுண்ணாம்பு, சாம்பல் அப்பும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வைத்தால் சாதாரண ரத்தப்போக்கு அடங்கும். பிறகு நல்ல தண்ணீராலும் சோப்பாலும் கழுவ வேண்டும். ரண ஜன்னி துருவினால் வருவதாகச் சொல்வது சரியன்று; மண்ணிலும் சாணத்திலும் உள்ள கிருமியே காரணம். ஆதலால் பளபளக்கும் கத்தியின் காயத்திற்கும் தடுப்பூசி பற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்க வேண்டும். ஜன்னி கண்டபின் உயிர் பிழைப்பது கஷ்டம்.

பாம்பு கடித்த இடத்தைக் கத்தியால் கீறி ரத்தத்தை வெளியேற்றுவோரும் இருக்கிறார்கள். அதனால் விஷம் இறங்குவதில்லை. புண்ணும் ரத்தப்போக்குமே மிஞ்சுகின்றன. கடிபட்டவரை நடக்கவிடாமல், காலை அசையாது வைத்து, விஷமுறிவு மருந்துள்ள ஆஸ்பத்திரிக்குத் தாமதமின்றித் தூக்கிச் செல்ல வேண்டும். அரிவாளுக்கு அங்கே உள்ள வேலை, தூக்கிச் செல்வதற்கு இரண்டு கம்புகள் வெட்டித் தருவது மட்டுமே.