நூல் வந்த மில்லுக்குப் போங்கள்



இன்று பட்டம் பெறும் ஜவுளித் தொழில்நுட்ப மாணவர்களே, உங்களில் பலர் சீக்கிரமே திருப்பூரில் மெர்சண்டைசராக உட்காரப்போகிறீர்கள். எனவே நேராகத் தொழிலுக்கு வருகிறேன்.

சுமங்கலித் திட்டம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிராமத்துக்குப் புரோக்கர் வருவார். ஸ்பின்னிங் மில்லில் 3 வருஷ வேலை, ஹாஸ்டலில் சாப்பாடு, முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக 30,000, 50,000 ரூபாய் என்பார். பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் நம்பிப் போனார்கள். அந்த மொத்தத் தொகை, மாதாமாதம் கையில் தராமல் பிடித்துவைத்த அவர்களுடைய கூலிதான். கடைசி வருஷத்தில் உடம்புக்கு முடியாமல் ஊர் திரும்பினாலும் அது போச்சு. வாசலுக்குப் பூட்டே தேவையில்லை. (பல ஹாஸ்டல்களில் அதையும் போட்டார்கள்.)

சங்கிலி இருந்தால்தான் கட்டாயம் என்பவர்களுக்கு உச்ச நீதிமன்றம் 1982இலேயே பதில் சொல்லிவிட்டது. ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், வேறு வழியில்லாமல் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைப்பது, அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்றது.

நெதர்லாந்து அமைப்புகள் 2011இலும் 2014இலும் இந்த மில்களைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது, ஆடைகளை வாங்கும் பையர்கள் திகைத்தார்கள். ஏன் திகைக்க வேண்டும்? ஆடிட் நடந்துகொண்டுதானே இருந்தது! ஆடிட்டர் பனியன் கம்பெனிக்கு வருவார். தீயணைப்பான், கழிப்பறை, வருகைப் பதிவேடு எல்லாம் பார்ப்பார். நூல் பில்லில் மில்லின் பெயர் இருக்கும். அந்தப் பக்கம் பெரும்பாலும் யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. பிரிட்டனின் 2015 நவீன அடிமைமுறைச் சட்டம் பெரிய கம்பெனிகளிடம் ஆண்டறிக்கை கேட்கிறது. 'நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்தாலும் சட்டப்படி சரிதான்!

எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை தருவது 2022 திண்டுக்கல் ஒப்பந்தம். பெண் தொழிலாளி ஒருவர் கொலையான பிறகு, தொழிற்சங்கம் போராடிப் பெற்றது. பாலியல் வன்முறையைத் தடுக்க வந்த ஒப்பந்தம்தான். ஆனால் அதன்படி தொழிலாளர்களே உள்ளே கண்காணித்தார்கள், கம்பெனி மீறினால் ஹெச் அண்ட் எம், கேப் போன்ற பையர்கள் ஆர்டரில் கைவைக்க வேண்டியிருந்தது. ஆர்டர் போகும் என்றால்தான் முதலாளி காது கொடுப்பார்.

விலையைக் குறை, ஷிப்மெண்டை முன்னால் தள்ளு என்று பையர் சொன்னால், அந்த மெயிலை மில்லுக்கு அனுப்பப்போவது நீங்கள்தான். அனுப்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போங்கள். அந்தப் பெண்களின் ஏடிஎம் கார்டு யார் கையில் இருக்கிறது, தனியாகக் கடைக்குப் போக விடுகிறார்களா என்று கேளுங்கள். சூப்பர்வைசரும் வார்டனும் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள்.