கடைசி நொடிக்குள் வந்த விண்ணப்பம்

(காட்டுப்பள்ளியில் மீனவ மக்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஜூன் 14 ராத்திரி 11 மணி 59 நிமிடம் 59 நொடி ஆன பிறகும், 12 ஆக ஒரு முழு நொடி மிச்சம் இருக்குது. அந்த நொடியில் தடை உண்டா என்று உங்களில் யாருக்கும் சந்தேகம் வராது. கணினிக்கு வரும்.

ஒரு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் 14 என்று வைத்துக்கொள்வோம். நீங்க ராத்திரி செல்போனில் அனுப்புறீங்க. திரையில் 23:59:59 என்று காட்டுது. ஆனால் உள்ளே, தரவுத்தளத்தில், அது 23:59:59.412837 என்று பதிவாகியிருக்கலாம். புள்ளிக்குப் பின்னால் இருப்பது நொடியின் பின்னம். பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரை அளப்பது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் இயல்பாகவே இப்படித்தான் சேமிக்கிறது.

இப்போ பட்டியல் எடுப்பவர், "14-ஆம் தேதி 00:00:00 முதல் 23:59:59 வரை வந்தவற்றைக் கொடு" என்று கேட்டால், உங்க விண்ணப்பம் வராது. 59.41 என்பது 59-ஐவிடப் பெரிசு இல்லீங்களா? பிழைச் செய்தியும் வராது. கையில் ஒப்புகை எண் இருக்கும், பட்டியலில் பெயர் இருக்காது. "15-ஆம் தேதி 00:00:00-க்கு முன்" என்று கேட்டிருந்தால் சிக்கலே இல்லை.

மை எஸ்.கியூ.எல். வேறு மாதிரி. பின்னத்துக்கு இடம் ஒதுக்காவிட்டால், இயல்பாக அது நொடியை முழுமையாக்கிவிடும். 23:59:59.6 என்பது 15-ஆம் தேதி 00:00:00 ஆகிவிடும்! நேரத்துக்கு வந்தவர் தாமதமாக வந்தவர் ஆகிவிடுகிறார். நேரப் புலத்தில் ஆறு இலக்கம் ஒதுக்கினால் இது நடக்காது.

ஒரே நொடியில் இரண்டு பேர் அனுப்பினால் யார் முதல்? பின்னத்தைப் பிரித்தெடுத்துத்தான் சொல்லணும். அதிலும் ஒரு பொறி உண்டு. மை எஸ்.கியூ.எல்.-இல் மைக்ரோநொடியைக் கேட்டால் .05-க்கு 50000 என்றும், .5-க்கு 500000 என்றும் தரும். முன்னால் இருந்த பூஜ்ஜியம் போய்விட்டது. அதை அப்படியே புள்ளிக்குப் பின்னால் ஒட்டினால் இரண்டும் .5 ஆகி, முந்தியவரும் பிந்தியவரும் ஒன்றாகிவிடுவார்கள். போஸ்ட்கிரெஸில் மில்லிநொடியைக் கேட்டால் முழு நொடியும் சேர்ந்து 59412.837 என்று வரும்; வெறும் 412-ஐ எதிர்பார்த்தவர் குழம்பிப்போவார்.

பழவேற்காடு ஏரியில் பாடு என்று முறை வைத்து வலை போடுறோம். அங்கே ஓடி முந்துவது கணக்கில்லை. பெரும்பாலும் பதிவாகும் நேரம், நீங்க பொத்தானை அழுத்திய நேரம் இல்லை. சர்வருக்குப் போய்ச் சேர்ந்த நேரம். ஏரிக்கரையில் சிக்னல் திணறினால் சென்னையில் இருப்பவர் முந்திவிடுவார். பின்னத்தை வைத்து முதல் ஆளைத் தீர்மானிப்பதைவிடக் குலுக்கலே நியாயம் என்பது என் எண்ணம்.

உங்க கையில் இருக்க வேண்டியவை: ஒப்புகை எண், குறுஞ்செய்தி, திரைப்படம். விடுபட்டதாகத் தோன்றினால் எழுத்தில் கேளுங்க: "என் விண்ணப்பம் பதிவான நேரத்தை, நொடியின் பின்னத்தோடு, சேமித்தபடியே தாருங்கள்." தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ், கணினியில் உள்ள பதிவையும் கேட்கலாம். பதில் தர 30 நாள் கெடு.