சித்திரக்காரனும் அவன் கட்டிய கலமும்



சித்திரக் கலையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். சித்திரங்களின் அழகை விரித்துரைக்க வல்லவர் பலர் இருப்பதால், சித்திரம் உருவாகு முன்னரே சித்திரக்காரன் கையில் உருவாகிவிடும் கருவியையும் வர்ணத்தையும் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் உதாரணம், துணியில் கலம் என்னும் எழுதுகோலால் தீட்டும் கலம்காரி.

தஞ்சை நாயக்க மன்னர்களின் ஆதரவில் வளர்ந்து, ஆலயங்களுக்குத் தொம்பைகளும் தேர்ச்சீலைகளும் விதானங்களும் தீட்டித் தந்த இக்கலை, இன்றும் சிக்கல்நாயக்கன்பேட்டையில் சில குடும்பங்களின் கைகளில் உயிர்த்திருக்கிறது. கருப்பூர்க் கலம்காரி என்னும் பெயரில் 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. ஆந்திர தேசத்துக் காளஹஸ்தி இதே கலைக்குப் பெயர்போன மற்றோர் ஊர்.

கலம் என்பது ஒரு மூங்கில் குச்சிதான். அதன் முனையைக் கூராகச் சீவி, முனைக்குச் சற்று மேலே கம்பளி இழையையோ பழந்துணியையோ உருண்டையாகச் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டுகிறார்கள். அந்த உருண்டை மையைக் குடித்து வைத்துக்கொள்ள, விரல் அழுத்துகிற அளவுக்கு மை முனைக்கு இறங்கி வருகிறது. கட்டுத் தளர்ந்தால் மை சொட்டி வேலை பாழாகும். மிகுதியாக இறுகினாலோ, தெய்வத்தின் புருவத்தை வளைத்துக்கொண்டு போகும் கோடு பாதி வழியில் வறண்டு நின்றுவிடும். தன் விரலின் பலம் தனக்கே தெரியுமாதலால், தன் கலத்தைத் தானே கட்டிக்கொள்கிறவனுக்கே அந்தக் கோடு வசப்படுகிறது. பிறர் கட்டிய கலம் பிறர் உடம்புக்கு அளவெடுத்த சட்டை போன்றதே.

கறுப்பு வர்ணத்தின் பிறப்பு இன்னும் விசித்திரமானது. துருவேறிய இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் பானை நீரில் இட்டு, வாய்கட்டி, இரண்டு மூன்று வாரம் புளிக்க விடுகிறார்கள். நுரை பொங்கி அடங்கி, நாற்றம் மாறிய பக்குவத்தைக் கண்ணும் மூக்குமே தீர்மானிக்கின்றன. அப்படி இறுத்தெடுத்த நீர் கலத்தில் ஏறும்போது கறுப்பாகவே இராது. கடுக்காயும் பாலும் கலந்த கரைசலில் தோய்த்து உலர்த்திய துணியில் பட்ட பின்னரே, கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் கூடிக் கருமை பிறக்கிறது. பாலின் கொழுப்பு அதைப் பரவவொட்டாமல் தடுக்கிறது. இரும்பின் வீரியம் மிகுந்துவிட்டால், கோடு விழுந்த இடத்திலேயே துணி நாளடைவில் இற்றுப்போகும். சிவப்புக்குப் படிகார நீரால் எழுதிச் சாயவேரில் கொதிக்கவிட்டால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் நிறம் பற்றி நிற்கும்.

இந்த வித்தையைத் தென்னிந்தியாவில் சமயப்பணி செய்த கேர்தூ பாதிரியார் 1742ஆம் ஆண்டில் ஒரு நீண்ட கடிதமாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். ஐரோப்பியச் சாயப்பட்டறைகள் நம் துணிகளைப் போலச் செய்ய ஆசைப்பட்ட காலம் அது. 1868இல் ஜெர்மானிய ரசாயனிகள் சாயவேரின் செஞ்சாயத்தையே ஆய்வுக்கூடத்தில் ஆக்கிவிட, சோழமண்டலக் கரையின் மணற்பாங்கில் அவ்வேரைத் தோண்டி விற்றுவந்த எளியவர்களின் ஜீவனம் நாளடைவில் நசித்தது. ரசாயன சாஸ்திரத்தை நான் பழிக்கவில்லை. மலிவான நிறம் ஏழைக்கும் வேண்டியதே. ஆயினும், வேரின் முற்றலை ஒடித்துப் பார்த்தறிந்த அனுபவ ஞானத்துக்கு எந்தக் கடிதமும் ஈடாகாது என்பதே என் துணிபு. அந்த ஞானம் மங்கிவந்த காலத்தில், 1950களில் காளஹஸ்தியில் பயிற்சி நிலையம் ஏற்படக் காரணமாயிருந்த கமலாதேவி சட்டோபாத்தியாயருக்கு நாம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம்.

அயல்நாட்டில் வளரும் நம் குழந்தைகள் குப்பியில் அடைத்த வர்ணத்தையும் கண்ணாடித் திரையையும் அறிவார்கள். வர்ணம் எப்படிப் பிறக்கிறது என்பதை ஒருமுறையேனும் அவர்கள் கண்ணால் காண வேண்டும். ஆகையால், அடுத்த ஆண்டு விழாவில் ஒரு பிற்பகலை இதற்கென ஒதுக்குமாறு சங்கத்தாரை வேண்டுகிறேன். மூங்கிலும் நூலும் பழைய ஆணிகளும் எங்கும் கிடைக்கும். வெல்லமும் கடுக்காய்ப் பொடியும் நம்மவர் கடைகளில் உண்டு. விழாவுக்கு மூன்று வாரம் முன்பே ஒருவர் பொறுப்பேற்றுப் பானையை வைத்துவிட வேண்டும். துணியை முதல்நாளே தோய்த்து உலர்த்திக்கொள்ளலாம். பிள்ளைகள் தாம் கட்டிய கலத்தால் எழுதத் தொடங்கும்போது முதற்கோடு வெளிறித் தெரியும். மை போதவில்லையென்று எண்ணி உடனே மறுகோடு இழுத்துவிடாதபடி, பக்கத்திலிருக்கும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.