அடிக்காமலும் முடிக்கலாம்



2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு பெருகி, எங்கள் முடிச்சூர் தெருக்களில் படகு ஓடியது. எங்கள் வீட்டின் தரைத்தளமும் மூழ்கியது. தண்ணீர் வடிந்த பின்னும் எனக்குத் தூக்கமில்லை, எதற்கெடுத்தாலும் கோபம்.

அப்போது என் அண்ணன் மகன் தன் மடிக்கணினியில் 'அண்டர்டேல்' விளையாட்டைக் காட்டினான். டோபி ஃபாக்ஸ் அதே ஆண்டில் வெளியிட்டது. நாமே ஒரு பாத்திரமாகி ஆடுவது. பூமிக்கடியில் அரக்கர் உலகில் விழுந்த குழந்தை நாம். எதிர்ப்படும் அரக்கரைத் தாக்கலாம். அல்லது பேசி, மனமறிந்து விட்டுவிடலாம். ஒருவரையும் கொல்லாமலே ஆட்டத்தை முடிக்கலாம். நானோ அடித்தே முன்னேறினேன்.

"சித்தப்பா, அதுக்கு என்ன கஷ்டமோ, பேசிப் பாருங்க" என்றான்.

பள்ளி திறந்தது. ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன், மழை இருட்டினால் பக்கத்துப் பையனைத் தள்ளிவிட்டு வெளியே ஓடுவான். ஒழுங்கீனம் என்று இருமுறை கண்டித்திருந்தேன். மூன்றாம் முறை, "எங்கேப்பா ஓடுற?" என்று கேட்டேன்.

"வீட்ல பாட்டி தனியா இருக்காங்க சார். அவங்களால நடக்க முடியாது."

அதன்பின் மழை வந்தால், அவன் பக்கத்து வீட்டுக்கு நானே போன் செய்து பாட்டியை விசாரிப்பேன். அவன் ஓடவில்லை.

அந்த விளையாட்டை நான் முடிக்கவில்லை. ஆனால் கண்டிக்கும் முன் ஒரு கேள்வி கேட்கும் பழக்கம் நின்றுவிட்டது. நீங்களும் கேட்டுப் பாருங்கள்.