வெற்றிடமானியின் ஊசி



கலைப் பட்டதாரியான ஒரு பாடசாலை அதிபருக்கு எஞ்சினைப் பற்றிப் பேச என்ன தகுதி உண்டென்று நீங்கள் வினவலாம். பழைய மொறிஸ் மைனர் ஒன்றைப் பல்லாண்டு காலமாக ஓட்டி வருகின்றேன் என்பதைத் தவிர வேறு தகுதி இல்லை.

காபரேற்றருக்கும் வால்வுகளுக்கும் இடைப்பட்ட குழாயை மெனிபோல்ட் என்பர். எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் அதனுள் அமுக்கம் குறைகின்றது. கடல் மட்டத்தில் வளிமண்டல அமுக்கம் ஏறத்தாழ 30 அங்குல இரசம். வண்டி நின்றபடி எஞ்சின் மெல்ல ஓடும்போது மெனிபோல்டினுள் எஞ்சியிருப்பது பத்துப் பன்னிரண்டு அங்குலமே. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையே வெற்றிடமானி காட்டுகின்றது. நல்ல எஞ்சினில் அது 17 முதல் 21 அங்குலம் வரை இருக்கும். புதிய வண்டிகளின் உணர்கருவியோ உள்ளே எஞ்சியுள்ள அமுக்கத்தையே கிலோபஸ்காலில் சொல்லும். 20 அங்குல வெற்றிடம் அதன் கணக்கில் ஏறக்குறைய 34. ஒன்று ஏற மற்றது இறங்கும். இதனை மறந்து மயங்குவோர் பலர்.

நாடி பார்க்கும் பரியாரியார் துடிப்பின் எண்ணிக்கையோடு நின்றுவிடுவதில்லை. அதன் நடையையும் பார்க்கின்றார். ஊசி ஒழுங்கான இடைவெளியில் விழுந்தெழுந்தால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை என ஐயுறலாம். மெல்ல அலைந்தால் எரிபொருட் கலவையை நோக்க வேண்டும். அசையாமல் தாழ்ந்து நின்றால் காற்றுக் கசிவோ, பிந்திய தீப்பொறியோ காரணமாகலாம்.

இந்த மூன்றாவது குறியை அறியாததால் நான் ஒருமுறை பெரும் பணம் இழந்தேன். எஞ்சின் தடுமாறியபோது காபரேற்றரையே புதுப்பித்தார்கள், தடுமாற்றம் தீரவில்லை. பின்னர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியரான நண்பர் மானியைப் பொருத்தினார். ஊசி 13 இல் அசையாது நின்றது. மெனிபோல்ட் மூட்டில் அவர் சிறிது எண்ணெய் விட்டதும் அது மேலேறியது. பழுது ஒரு கஸ்கற்றில்! அதன் விலை நான் கொடுத்த கூலியில் பத்திலொரு பங்கும் இல்லை.

கலவைத் திருகாணியைத் திருப்பும்போது ஊசி உயர்ந்து உறுதியாக நிற்கும் இடமே நல்ல இடம். தீப்பொறி நேரத்தைத் திருத்தும்போது இவ்விதியை நம்பலாகாது. நேரத்தை முற்படுத்த முற்படுத்த, சரியான இடத்தைக் கடந்த பின்னும் ஊசி ஏறிக்கொண்டே போகும். அந்த உச்சத்தில் விட்டால் ஏற்றத்தில் எஞ்சின் தட்டும்; பிஸ்ரன்கள் பழுதாகும். உச்சத்திலிருந்து ஓரங்குலம் இறக்கி, பின் மேட்டில் ஓட்டிச் செவிகொடுத்துக் கேட்பதே தக்கது.

உயரத்தையும் கணக்கிடல் வேண்டும். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ ஓரங்குலம் குறையும். யாழ்ப்பாணத்தில் 18 காட்டிய என் வண்டி, 6,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் 12 காட்டியது. நான் பதறித் திருப்புளியை எடுத்தேன். உடன் வந்த நண்பர் அதை வாங்கித் தம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீடு திரும்பி மானியைப் பொருத்திய போது ஊசி மீண்டும் 18 இல் நின்றது.